காதுக்காரர் சப்வூஃபர் வாங்கியது

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் காதுக்காரர் என்றால் ஒருவர்தான். மொட்டைமாடி மோட்டார் ரூமுக்குள் நுழைந்ததும் நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். அரை நிமிஷம் கழித்து, "இந்த பேரிங் இன்னும் மூணு மாசம் தாங்கும்" என்பார். மூணு மாசம்தான் தாங்கும். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். புதிதாகப் படித்துவிட்டு வந்த இன்ஜினியர்கள்கூட மீட்டரை வைத்துவிட்டு அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

நான் அவருக்கு ஜோடி. லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும், ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே குழியில். பதினாறு வருஷமாக அவரை அண்ணே என்று கூப்பிட்டு, அவர் மனைவியை அண்ணி என்று கூப்பிட்டு, அவர் மகள் என்னை சித்தப்பா என்று கூப்பிட்டு, பாதி அந்த வீட்டு ஆளாகிவிட்டேன். அதனால்தான் சப்வூஃபர் விஷயத்தில் நானும் சிக்கினேன்.

அவருக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சினிமா பார்ப்பார், அதுவும் வீட்டில், நல்ல சத்தத்தோடு. அதற்காக ஆறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். ஒரு ஓட்டலைப் புதுப்பித்தபோது தூக்கிப் போட இருந்த ஆம்ப்ளிஃபையரை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, உள்ளே இருந்த தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டி ஓட வைத்தார். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து ஸ்பீக்கர். எல்லாம் உள்ளங்கையை விரித்தால் மறைந்துவிடும் அளவு. ஒன்று வாங்கி, எட்டு மாசம் விட்டு இன்னொன்று வாங்கி, அப்படி வந்த ஐந்து. பாக்கி இருந்தது சப்வூஃபர். இடி, வெடி, லாரி உறுமல் மாதிரி அடிமட்டத்துச் சத்தத்தை மட்டும் எழுப்புகிற பெட்டி அது.

இரண்டு வருஷம் முன்பு வரைக்கும் அதைப் பற்றி அவர் பெரிதாகப் பேசியதில்லை. அப்புறம் ஒரு குறை சொல்ல ஆரம்பித்தார். படத்தில் பேசுகிறது புரிய மாட்டேன் என்கிறது, எல்லாரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். அதற்குக் காரணமும் அவரே கண்டுபிடித்தார்.

"இந்த அஞ்சும் சின்னப் பசங்கடா" என்றார் ஒரு நாள், டீக்கடையில். "கனமான சத்தத்தையும் இதுங்க தலைல கட்டிட்டா எங்கேருந்து பேச்சு தெளிவா வரும்? மூட்டை தூக்கறவன்கிட்ட கதை சொல்லுன்னா சொல்லுவானா? ஒரு சப் வாங்கி கனத்தை எல்லாம் அதுகிட்ட குடுத்துட்டா, பேச்சு தானா தெளிஞ்சிடும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். தலையாட்டியிருக்கக் கூடாது என்பது அப்புறம் தெரிந்தது.

அண்ணி மருந்துக் கடையில் பில் போடுகிறவர். ஓவர்டைம் பணத்தில் பத்தாயிரம் ஒதுக்கித் தந்தார். "இதுக்கு மேல ஒரு காசு கேக்கக் கூடாது. ஒயர் வாங்கணும், ஸ்டாண்டு வாங்கணும்னு பின்னாடியே வரவும் கூடாது" என்றார். அண்ணனும் சரி என்றார்.

ஒரு சனிக்கிழமை இருவரும் பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட இருட்டு அறை, அதில் நான்கு சோபா. விற்பனையாளர் கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்து, எங்கள் பட்ஜெட்டைக் கேட்டார். அண்ணன் சொன்னதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அரை அங்குலம் குறைந்தது. ஓரத்தில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார்.

"சார், முந்நூறு வாட்ஸ் சார். வீடே அதிரும்."

போட்டுக் காட்டினார். அதிர்ந்தது. எதைப் போட்டாலும் ஒரே மாதிரி அதிர்ந்தது. ஹெலிகாப்டருக்கும் டொம், கதவைச் சாத்தினாலும் டொம். அண்ணன் எழுந்து போய் பெட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டினார்.

"உள்ள ஒண்ணும் இல்லையே தம்பி. தகர டப்பா மாதிரி பேசுது."

"சார், கஸ்டமர்ஸ் இதைத்தான் விரும்பி வாங்கறாங்க."

"சத்தத்தைக் கம்மி பண்ணுங்க. கம்மில எப்படி இருக்குன்னு கேப்போம்."

"கம்மியா வச்சா எதுக்கு சார் சப்வூஃபர்?"

அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பழுதான மெஷினைப் பார்க்கும் அதே பார்வை. பிறகு நடுவில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டி, அதைப் போடச் சொன்னார். அதில் அதே ஹெலிகாப்டர் வேறு மாதிரி வந்தது. தூரத்தில் கிளம்பி, தலைக்கு மேல் வந்து, போனது. கதவு கதவாக மூடியது. விலை முப்பத்தி நாலாயிரம். அண்ணன் விறுவிறுவென்று கீழே இறங்கினார். தெருவுக்கு வந்ததும், "கேக்காமயே இருந்திருக்கலாம்" என்றார்.

அதுதான் அவர் கஷ்டம். எங்களைப் போன்ற ஆளுக்குப் பத்தாயிரத்துப் பெட்டி போதும். டொம் என்று வந்தால் சந்தோஷமாக வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவோம். அவருக்கு எந்தப் பெட்டியைக் கேட்டாலும் குறைதான் முதலில் கேட்டது. அடுத்த ஆறு வாரத்தில் எட்டுக் கடை ஏறி இறங்கினோம். ஒன்று உறுமியது, ஒன்று இருமியது, ஒன்றில் காற்று வரும் ஓட்டை வழியாகப் புஸ் என்று ஓசை. ஒரு கடையில் கேட்டுப் பார்க்கவே விடவில்லை, பெட்டியைப் பிரித்தால் வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள்.

நடுவில் அண்ணியின் தம்பி வந்தார். அவருக்கு உலகத்தில் தெரியாத விஷயமே இல்லை. "மாமா, எதுக்கு இவ்வளவு அலைச்சல்? என் ஃபிரெண்டு கல்யாணத்துக்கு வாடகைக்கு விடற ஸ்பீக்கர் வச்சிருக்கான், ஒண்ணு வாங்கித் தரேன், அடிச்சா நெஞ்சு உதறும்" என்றார். அண்ணன் மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்தார். அவர் போன பிறகு அண்ணியிடம், "உன் தம்பிகிட்ட சொல்லு, எனக்கு நெஞ்சு உதற வேணாம், படம் பார்த்தா போதும்" என்றார். அண்ணி டீ கிளாஸை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கடைசியில் பழைய பொருள் விளம்பரங்களில் இறங்கினோம். வேலை நடுவில் குழியிலிருந்து நான் மேலே ஏறி வந்தால், அவர் கிரீஸ் கையோடு போனைத் தள்ளிக்கொண்டிருப்பார். நல்லதாக ஒன்று வந்து, போன் செய்தால் விற்றுவிட்டது என்பார்கள். ஒருத்தர் நேரில் வாருங்கள் என்று சொல்லி, நாங்கள் போய் நின்றதும் விலையை மூவாயிரம் ஏற்றினார். இன்னொருவர் காட்டிய பெட்டியில் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்து, சாதாரண பசையால் ஒட்டியிருந்தது. "இது டிசைன்" என்றார். அண்ணன் திரும்பும் வழியெல்லாம் டிசைன் டிசைன் என்று முனகிக்கொண்டே வந்தார்.

அப்புறம்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒருவரின் விளம்பரம் வந்தது. பத்து அங்குல ஸ்பீக்கர், கனமான பெட்டி, ஒன்பதாயிரம். ஊரின் மறு கோடி. இரண்டு பஸ் மாறிப் போனோம். கார் படங்களும் போக்குவரத்துச் சின்னங்களும் மாட்டியிருந்த வகுப்பறையிலேயே போட்டுக் காட்டினார். அண்ணன் முட்டியால் தட்டினார், திருப்பிப் பார்த்தார், மூச்சை இழுத்து வாசனைகூடப் பிடித்தார். எரிந்த வாசனை இல்லை. எட்டாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. அவ்வளவு எடையைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால் வாடகை வண்டி பிடித்தோம். மிச்சம் பிடித்த பணம் அதற்குப் போனது. பின் சீட்டில் பெட்டியை இருவரும் மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தோம்.

அன்று மதியமே ஒயரை மாட்டி சுவிட்சைப் போட்டார். படம் போடவில்லை, பாட்டு போடவில்லை, பெட்டி தானாக ம்ம்ம்ம் என்று முனகியது. தேனீக்கூடு மாதிரி ஓயாத முனகல். எங்களுக்கு மெதுவாகத்தான் கேட்டது. அண்ணனுக்கு உயிர் போனது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே கழிந்தது. ஒயரை மாற்றினார், பிளக்கைத் திருப்பினார், ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த பால் திரிந்ததுதான் மிச்சம். சாயங்காலம் டிவியையும் ஆம்ப்ளிஃபையரையும் பெட்டியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் சொருகியதும் முனகல் நின்றது. அந்தப் பலகைக்கு இன்னொரு செலவு. அண்ணி பணத்தை மேஜையில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை.

அடுத்த தொல்லை அதைவிடப் பெரியது. சோபாவில் உட்கார்ந்தால் கனமான சத்தம் சுத்தமாக இல்லை. எழுந்து சமையலறை வாசலுக்குப் போனால் அலமாரித் தட்டுகள் நடுங்குகின்றன. அறையின் சுவர்களில் பட்டுத் திரும்பும் சத்தம் ஒரு இடத்தில் கூடும், ஒரு இடத்தில் செத்துவிடும் என்று அண்ணன் எங்கேயோ படித்துவிட்டு வந்து விளக்கினார். எங்கள் நேரம், அது சாகிற இடத்தில்தான் சோபா இருந்தது.

அதற்கு ஒரு வழியும் படித்திருந்தார். பெட்டியைத் தூக்கி, ஆள் உட்காரும் இடத்தில் சோபா மேலேயே வைக்க வேண்டும். ஆள் தரையில் தவழ்ந்து அறையைச் சுற்ற வேண்டும். எங்கே சத்தம் நன்றாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், சோபாவில் அதே போலக் கேட்கும். ஐம்பத்தி மூன்று வயது ஆள், கால் முட்டியில் துணி சுற்றிக்கொண்டு, தலையைத் தரையோரம் வைத்து சுவரைச் சுற்றித் தவழ்ந்தார். அந்த நேரம் பார்த்து கீழ்வீட்டு டீச்சர் கதவைத் தட்டினார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்குப் பாடம் எடுப்பவர்.

"சார், என் பசங்க எல்லாம் அங்க இடி இடிக்குதா மிஸ்னு கேக்கறாங்க. ஒரு மணி நேரம் நிறுத்த முடியுமா?" என்றவர், அண்ணன் நான்கு காலில் நிற்பதைப் பார்த்து, "ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்றார்.

"ஆமாங்க, எங்க வீட்டு நிம்மதி" என்றார் அண்ணி உள்ளிருந்து.

நல்ல இடம் கிடைத்தது. ஆனால் அது மகளின் படிப்பு மேஜை இருந்த மூலை. பதினோராம் வகுப்பு. அவள் மேஜையை விட மாட்டேன் என்றாள். ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் வருகிறது என்பது அவள் வாதம். இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பின் மேஜைக்கு அடியில், அவள் கால் வைக்கும் இடத்தில் பாதியைப் பெட்டிக்குக் கொடுத்தாள். "படிக்கும்போது அது வாயைத் திறக்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனை.

இத்தனையும் முடிந்து, ஒரு சனிக்கிழமை காலை நான்கு பேரும் உட்கார்ந்து படம் போட்டோம். எனக்கு அருமையாக இருந்தது. சண்டைக் காட்சி, மழை, ரயில், எல்லாம் அடி வயிற்றில் வந்து தொட்டது. இருபது நிமிஷம் போனதும் அண்ணன் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"இப்பவும் பேச்சு புரியலையே" என்றார்.

மகள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு இப்ப என்ன சொன்னா?"

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுன்னு சொன்னாப்பா" என்றாள் மகள். "நல்லாத்தானே கேக்குது."

"எங்க கேக்குது? முணுமுணுன்னு இருக்கு. செட்டிங் எங்கேயோ தப்பு."

எந்தச் சத்தம்வரை பெட்டி எடுக்கிறது, எங்கிருந்து சின்ன ஸ்பீக்கர்கள் எடுக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்றார். மகள் தன் போனில் ஒரு செயலியை இறக்கி ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தாள். மிகக் கீழான சத்தத்தில் தொடங்கி, மெதுவாக மேலே ஏறிக்கொண்டே போகும் ஒற்றை ஓசை அது. போன் திரையில் எண் ஓடியது. இருபது, முப்பது, ஐம்பது. ஜன்னல் கம்பி நடுங்கியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, மோட்டார் ரூமில் நிற்பதைப் போலவே நின்றார். "இப்ப சப்... இப்பவும் சப்... இங்க மாறுது. சரியாத்தான் மாறுது." ஓசை ஏறியது. இருநூறு, ஐந்நூறு, ஆயிரம். மகள் நிறுத்த மறந்துவிட்டாள். அது விசில் மாதிரி ஆகி, அப்புறம் ஊசி மாதிரி ஆனது. சமையலறை வாசலில் அண்ணி காதைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "ஏம்மா நிறுத்திட்ட?"

மகள் அவரைப் பார்த்தாள். "நிறுத்தலையேப்பா."

"விளையாடாத. நின்னுடுச்சே."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். நாலாயிரத்தைத் தாண்டி எண் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பல் கூசியது. அவர் முகம் மட்டும் சும்மா இருந்தது. அண்ணி காதில் வைத்திருந்த விரல்களை அவர் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். மகள் அவசரமாக நிறுத்தினாள். நிறுத்தியதும் அவருக்குத் தெரியவில்லை.

உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றினார். ஒயரைக் கழற்றினார். போன் மட்டமான போன் என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார், போட்டாள், மூவாயிரத்துப் பக்கத்தில் மறுபடி, "நின்னுடுச்சு" என்றார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. ரிமோட்டை சோபாவில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

தெருமுனையில் நின்றிருந்தார். "உனக்கு இது தெரியுமா?" என்றார்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தெரியும்ணே."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா இருக்கும்."

நடந்ததைச் சொன்னேன். அப்போது ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் பிரேக் கட்டை தேய்ந்து கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லாமல் கட்டையை மாற்றினேன். அதற்குப் பிறகு அப்படி ஏழெட்டு தடவை. அவர் ஸ்க்ரூடிரைவரைவிட உள்ளங்கையை அதிகமாக மோட்டார் மேல் வைக்கத் தொடங்கியதையும் கவனித்தேன். அடிச்சத்தத்தை அவர் கையே கேட்டுவிடும், மேல்சத்தத்தை நான் கேட்டுக்கொண்டேன். ஜோடி என்றால் அதுதானே என்று நினைத்தேன். எங்கள் வேலையில் காது போய்விட்டது என்று ஒருத்தரைச் சொல்வது, அவர் சோற்றில் கை வைப்பது மாதிரி. அதனால் வாயை மூடிக்கொண்டேன். எட்டுக் கடைக்கும் கூடவே போய், இரண்டு பஸ் மாறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் லூசு மாதிரி தரையில தவழ்ந்தப்பகூட நீ சொல்லலை" என்றார்.



ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. வேலைக்கு வந்தார். மேலே தூக்கு, கீழே இறக்கு, நிறுத்து, இவ்வளவுதான் பேச்சு. ஒருத்தர் உயிர் இன்னொருத்தர் குரலில் தொங்குகிற இடத்தில் அப்படி வேலை பார்ப்பது நரகம். எனக்கும் கோபம் வந்தது. இவர் காதுக்கு நானா பொறுப்பு, இரண்டு வருஷம் தாங்கிப் பிடித்ததற்கு இதுதான் பரிசா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கயிறுகளுக்கு எண்ணெய் போட்டேன்.

பத்தாவது நாள் காலையில் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். காது பரிசோதனை அறிக்கை. அண்ணிதான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். காதுக்கு ஒன்றாக இரண்டு கோடுகள், அடிச்சத்தம் இருக்கும் இடது பக்கம் நேராகப் போய், மேல்சத்தம் இருக்கும் வலது பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தன.

"மோட்டார் ரூம் தின்ன காதாம்" என்றார். "க, ச, த எல்லாம் இந்தப் பள்ளத்துலதான் இருக்காம். அதான் பேச்சு மட்டும் புரியலை. அடிச்சத்தம் எல்லாம் அப்படியே இருக்கு. அதைத்தான் நான் ஆறு வாரம் காசு குடுத்து வாங்க அலைஞ்சிருக்கேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காகிதத்தை நான்காக மடித்து உள்ளே வைத்தார்.

இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டும் என்றார்கள். ஒன்றின் விலையே கடையில் அன்று பார்த்த அந்தக் கறுப்புப் பெட்டியின் விலை. சப்வூஃபரை விற்று அதோடு சேர்க்கலாம் என்று அவர் விளம்பரம் போட்டார். வந்தவர் ஒருத்தர் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு நாலாயிரம் என்றார். இன்னொருவர் மாற்றாக ஒரு சைக்கிள் தருகிறேன் என்றார். அண்ணி விளம்பரத்தை எடுக்கச் சொன்னார். "நாய் படாத பாடு பட்டு வாங்கினது. நாலாயிரத்துக்குக் குடுத்துட்டு அந்த ஆத்திரத்தை வேற நான் கேக்கணுமா?" என்றார். கடைசியில் அண்ணியின் சேமிப்பிலும் கம்பெனி முன்பணத்திலும் இடது காதுக்கு மட்டும் ஒன்று வாங்கினார்கள்.

முன்பணம் கேட்கக் காரணம் சொல்ல வேண்டியிருந்ததால், சூப்பர்வைசரிடம் அவரே போய்ச் சொன்னார். வேலை போய்விடும் என்று இரண்டு பேரும் பயந்துகொண்டுதான் போனோம். சூப்பர்வைசர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, காதை மூடும் கவசங்கள் ஸ்டோர் ரூமில் பிரிக்காமல் கிடப்பதைப் பற்றி ஐந்து நிமிஷம் திட்டினார். அப்புறம், மேல்சத்தம் எல்லாம் என் பொறுப்பு என்று எழுத்தில் போட்டுக் கொடுத்தார். ரகசியமாகச் செய்துகொண்டிருந்த வேலை எனக்கு உத்தியோகபூர்வமாகக் கிடைத்தது. சம்பளம் ஏறவில்லை. அடுத்த வாரம் எங்கள் எல்லாருக்கும் பரிசோதனை வைத்தார்கள். என் கோட்டிலும் வலது பக்கம் ஒரு சின்னப் பள்ளம் ஆரம்பித்திருக்கிறது.

மெஷின் போட்ட முதல் வாரம் அவர் பட்ட அவஸ்தை தனி. பிளாஸ்டிக் பை சரசரப்பது, குழாயில் தண்ணீர் விழுவது, செய்தித்தாளைப் புரட்டுவது எல்லாம் அவரை அடித்தன. "உலகமே தகரத்துல செஞ்ச மாதிரி இருக்குடா" என்றார். நான்கு தடவை போய்ச் சரி செய்துகொண்டு வந்தார். அண்ணிக்கு வேறு கஷ்டம். சமையலறையில் நின்றுகொண்டு தனக்குள் பேசுவது அவர் பழக்கம். இப்போது கூடத்திலிருந்து பதில் வருகிறது. "இனிமே இந்த வீட்டுல முணுமுணுக்கக்கூட வழியில்லை" என்று என்னிடம் சொன்னார், அதையும் தெருவுக்குப் போய்ச் சொன்னார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கீழ்வீட்டு டீச்சருக்கு அன்று வகுப்பு இல்லை, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வந்திருந்தாள் மகள். அந்தப் பெண் ஸ்டேஷனுக்கு வந்துவிடு என்று சொன்னபோது அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். கேட்டுவிட்டது. அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அது பத்து நிமிஷம் நீடித்தது. ரயில் வருகிற இடத்தில் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"கவனிச்சீங்களா? ரயிலுக்கும் அதே சத்தம், மழைக்கும் அதே சத்தம். மேல தெளிவானதும்தான் கீழ இருக்கற லட்சணம் தெரியுது. அந்த டிரைவிங் ஸ்கூல் ஆளு நம்ம தலைல நல்லா கட்டிட்டாரு."

மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணி எழுந்து விளக்கைப் போட்டார். வலது காதுக்கான பணம் சேர்ந்து முடியும்வரை ஸ்பீக்கர் பேச்சை எடுக்கக் கூடாது என்றார், எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கும்படி. அவரும் சரி சரி என்று படத்தை ஓட விட்டார்.

நேற்று வேலை நடுவில் டீ குடிக்கும்போது போனை என் பக்கம் திருப்பினார். பன்னிரண்டு அங்குல சப்வூஃபர், ஒரே ஆள் உபயோகித்தது, ஊருக்கு வெளியே.

"சும்மா கேட்டுப் பாத்துட்டு வருவோம். வாங்க வேணாம்" என்றார்.

"எத்தனை பஸ்?"

"மூணு."

டீ கிளாஸை வைத்துவிட்டு நான் எழுந்து குழிக்குள் இறங்கினேன். மேலிருந்து அவர் குரல் கேட்டது, சனிக்கிழமை காலையிலேயே கிளம்பினால் கூட்டம் இருக்காதாம்.